நிற்பவர்க்கும் ஓர் இருக்கை

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று தொழிற்சாலைக்கு வெளியே உழைப்பவர்களின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்து, வார விடுமுறையையும் கட்டாயமாக்கிய சட்டம் அது. அந்தச் சட்டத்தில் 74 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட ஒரு திருத்தம், 22-அ என்ற சிறிய பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். பணிக்கிடையே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொண்டு, வேலைநேரம் முழுவதும் கால்கடுக்க நிற்கும் நிலையிலிருந்து விடுபட வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும் இந்தப் பிரிவு, ஊழியர் நலம் என்று இன்று பெருநிறுவனங்கள் பேசும் பொருளையும், பணியிடத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய மதிப்பீடுகள் என்று மேலாண்மை நூல்கள் விரித்துரைக்கும் பொருளையும் ஒருசேர உரசிப் பார்க்கும் கல்லாக அமைந்திருக்கிறது.

உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்தத் தேவை புதிதன்று. இங்கிலாந்தில் 1899-லேயே, கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை என்ற கணக்கில் வசதி செய்துதர வேண்டுமென்று தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வணிக நிலையங்கள், அலுவலகங்களின் சுகாதாரம் குறித்து 1964-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில், போதுமான இருக்கைகள் தரப்பட வேண்டும் என்பதோடு, அவற்றைப் பயன்படுத்த ஊழியர்களுக்கு நியாயமான வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டது. இருக்கை வேறு, இருக்கையில் அமரும் வாய்ப்பு வேறு என்பதை அந்த வாசகத்தை எழுதியவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு இடையிடையே இளைப்பாற இருக்கை தரப்பட வேண்டுமென்று கூறியது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-இல் எழுத்தில் கிடைத்தது தமிழ்நாட்டின் கடை ஊழியருக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் பிடித்தன. ஆலையில் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வேலை செய்தனர். சங்கம் அமைக்கவும் கோரிக்கை வைக்கவும் அவர்களால் இயன்றது. கடை ஊழியர்களோ பத்துப்பேர், இருபதுபேர் எனச் சிதறிக் கிடந்தவர்கள்; பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து, முதலாளி ஏற்பாடு செய்த விடுதியில் தங்கி, சோற்றுக்கும் படுக்கைக்கும் அவரையே நம்பியிருந்தவர்கள். சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவைக் களமாகக் கொண்டு 2010-இல் வசந்தபாலன் இயக்கத்தில் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் அந்த வாழ்க்கையைப் பொதுமக்களின் கண்முன் நிறுத்தியது. அதற்குப் பிறகும் சட்டம் வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழ்நாட்டுக்கு முன்பே இவ்வழியில் நடந்தது கேரளம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்துவந்த விஜி என்பவர், கடைகளில் பணிபுரியும் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிவறை. அதன் பிறகே இருக்கை. திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடையின் பெண் ஊழியர்கள் உட்காரும் உரிமை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 2014-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி மாதக்கணக்கில் போராடினர். இத்தகைய நீண்ட முயற்சிகளின் விளைவாகக் கேரள அரசு 2018-இல் அவசரச் சட்டத்தின் மூலம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் விஜியின் பெயர் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றது. ஊழியர் நலம் என்ற சொல்லைப் பெரிய அலுவலகங்களின் மனிதவளத் துறைக்கு மட்டுமே உரியதாகக் கருதுவோர், இந்தியாவில் அதன் அண்மைக்கால வரலாற்றில் ஒரு முக்கியமான பக்கத்தை எழுதியவர் ஒரு தையற்காரர் என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

நிற்பது உடலை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கோரிக்கையின் எடை தெரியும். இதயத்திலிருந்து கால்களுக்கு இறங்கும் இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, சிரைகளை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களை, அழுத்தி இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அசையாமல் நிற்பவருக்கு இந்தத் தசைப்பம்பு ஏறத்தாழ ஓய்ந்துவிடுகிறது. இரத்தம் கால்களில் தேங்குகிறது, பாதம் வீங்குகிறது, ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது சிரைகளின் உள்ளே இருக்கும் வால்வுகள் தளர்ந்து, சிரைகள் முறுக்கிக்கொண்டு தோலுக்கடியில் புடைத்துத் தெரிகின்றன. மக்கள் இதை நரம்புச் சுருட்டல் என்கிறார்கள். உண்மையில் சுருட்டிக்கொள்வது நரம்பன்று, சிரை. நாளெல்லாம் நின்று பணிபுரிவோர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட அதிகம் என்று டென்மார்க்கில் நடந்த நெடுநாள் ஆய்வுகள் காட்டியுள்ளன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 ஊழியர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருப்பவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்வோரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. இதோடு கழிவறைக்குச் செல்ல அனுமதி கிடைக்காது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பதும் தீங்குதான். ஆகவே உடல் வேண்டுவது ஒரே நிலையில் கட்டுண்டு கிடக்காத விடுதலையை. தேவைப்படும்போது உட்காரவும் தேவைப்படும்போது எழவும் இயலும் நிலையே உடல்நலம்.

ஒரு முக்காலியின் விலை எந்தக் கடைக்கும் பாரமன்று. அது போடப்படும் இடமும் பெரிதன்று. அப்படியிருந்தும் இத்தனை ஆண்டுகள் அது போடப்படாமைக்குக் காரணம் செலவு என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் அது மரியாதைக் குறைவு; நிற்பவரே சுறுசுறுப்பானவர், உட்காருபவர் சோம்பேறி; கூலி வாங்குபவர் கூலி கொடுப்பவரின் எதிரில் அமர்வது தகாது என்ற எண்ணங்களே காரணம். இவற்றை எந்தக் கடையும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தன. யார் யாருக்கு முன்னால் அமரலாம், யார் நின்றுகொண்டே பேச வேண்டும் என்பதைப் பிறப்பைக் கொண்டு வகுத்துவைத்திருந்த ஒரு சமூகத்தில், கடையின் கவுன்ட்டர் மட்டும் அந்தப் பழக்கத்துக்கு வெளியே இருந்திருக்க முடியாது. இருக்கைச் சட்டத்தை மருத்துவக் காரணத்துக்காக மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்தால், அதன் ஆழமான பொருள் கைநழுவிப் போகும்.

நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்கர் ஷைன், 1985-இல் வெளியான தம் நூலில் அதை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். மேலே இருப்பது கண்ணுக்குத் தெரிபவை: கட்டடம், சீருடை, மேசைகளின் அமைப்பு போன்றவை. அதன் கீழே இருப்பது அறிவிக்கப்பட்ட மதிப்பீடுகள், அதாவது ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நேர்மை, மரியாதை, சமத்துவம் முதலிய சொற்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆழ்ந்த அனுமானங்கள். கேள்வி கேட்காமலேயே எல்லோரும் உண்மையென்று எடுத்துக்கொண்டவை. மனிதரின் நடத்தையை இந்த மூன்றாவது அடுக்கே தீர்மானிக்கிறது என்பது ஷைனின் முடிவு. கடையின் விளம்பரத்தில் ஊழியர்கள் எங்கள் குடும்பம் என்று இருக்கலாம். அது இரண்டாம் அடுக்கு. கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கை இல்லை. அது முதல் அடுக்கு. ஊழியர் உட்காரக் கூடாது என்ற பேசப்படாத நம்பிக்கை மூன்றாம் அடுக்கு. முதலுக்கும் இரண்டாவதற்கும் முரண் இருக்கும்போது, உண்மையைச் சொல்வது எப்போதும் முதல் அடுக்கே.

இந்த முரண் கடைகளுக்கு மட்டும் உரியதன்று. கணக்கு மோசடியால் 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான், மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை ஆகிய நான்கையும் தன் மதிப்பீடுகளாக அறிவித்திருந்தது. பொருளியலாளர்கள் லூயிஜி குயிசோ, பாவோலா சபியென்சா, லூயிஜி சிங்காலெஸ் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரந்த அளவில் சோதித்தது. நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் அறிவித்துக்கொள்ளும் மதிப்பீடுகளுக்கும் அவற்றின் செயல்திறனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் மேலதிகாரிகள் நம்பத்தகுந்தவர்கள், நேர்மையானவர்கள் என்று ஊழியர்கள் தாமே கருதும் நிறுவனங்கள் மற்றவற்றைவிடச் சிறப்பாகச் செயல்பட்டன. பகிரப்பட்ட மதிப்பீடு என்பதில் பகிர்தல் என்ற சொல்லுக்கே முதலிடம். மேலிருந்து இறக்கி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, புதிதாகச் சேர்பவரிடம் ஒப்புவிக்கச் சொல்வது பகிர்தல் ஆகாது.

கடந்த இருபது ஆண்டுகளில், குறிப்பாகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில், ஊழியர் நலம் என்பது ஒரு தனித் திட்டமாக உருவெடுத்திருக்கிறது. யோகா வகுப்பு, தியானச் செயலி, மனஉறுதிப் பயிற்சி, உடற்பயிற்சிக்கூடச் சலுகை என்று அதன் பட்டியல் நீளும். இவற்றை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. விரும்பிச் செய்பவருக்கு யோகா நன்மைதான். ஆனால் இத்திட்டங்கள் ஊழியர் நலத்தை உண்மையில் உயர்த்துகின்றனவா என்பதைக் கடுமையான முறையில் சோதித்த ஆய்வுகள் ஊக்கமளிக்கும் விடையைத் தரவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைச் சீட்டுப்போடும் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வில், நலத்திட்டத்தில் இடம்பெற்ற பிரிவின் மருத்துவச் செலவு குறையவில்லை. சுமார் 33,000 ஊழியர்களைக் கொண்ட ஓர் அமெரிக்க விற்பனை நிலையத் தொடரில் நடந்து, 2019-இல் வெளியான மற்றோர் ஆய்விலும் உடல்நல அளவீடுகளிலோ விடுப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்து ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட கட்டுரை, மனஉறுதிப் பயிற்சியிலும் செயலிகளிலும் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நலமாக இருந்ததற்குச் சான்று இல்லை என்று முடித்தது. அறப்பணியில் தன்னார்வமாக ஈடுபட வாய்ப்பளித்த திட்டங்கள் மட்டுமே ஓரளவு விதிவிலக்காக இருந்தன.

இத்தனை முயற்சிகள் ஏன் பலனளிக்கவில்லை என்பதற்கான விளக்கம் இவற்றுக்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது. லண்டனின் வைட்ஹால் பகுதியில் உள்ள பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் 1967-இல் ஒரு பெரிய மருத்துவ ஆய்வு தொடங்கியது; அதன் தரவுகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் மார்மொட். உயர்பதவியில் இருப்பவர்களுக்கே பொறுப்பும் பதற்றமும் அதிகம், ஆகவே மாரடைப்பும் அவர்களுக்கே அதிகம் என்று அன்று பரவலாக நம்பப்பட்டது. கிடைத்த முடிவோ நேர்மாறு. பதவி ஏணியில் கீழே செல்லச் செல்ல இதயநோய் மரணம் கூடிக்கொண்டே போயிற்று. அடிமட்டத்தில் இருந்த கடைநிலை ஊழியர்களுக்கு அது உச்சியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, 10,308 ஊழியர்களைப் பின்தொடர்ந்து அந்த எஞ்சிய வேறுபாட்டுக்கு விடை தேடியபோது, தன் வேலையின் மீது ஒருவருக்கு இருக்கும் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணியாக வெளிப்பட்டது. எதை முதலில் செய்வது, எப்போது இளைப்பாறுவது, எப்படிச் செய்வது என்பதில் சொல்லுரிமை இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகமாக வந்தது.

ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979-இல் இதே கருத்தை ஒரு கோட்பாடாக வகுத்திருந்தார். வேலைச்சுமை மட்டும் மனிதரை நசுக்குவதில்லை. சுமை மிகுந்தும் அதைக் கையாளும் உரிமை குறைந்தும் இருக்கும் நிலையே மிகவும் தீங்கானது என்பது அவர் கருத்து. துணிக்கடை விற்பனைப் பெண்ணின் நாள் இந்த வரையறைக்கு அப்படியே பொருந்தும். பண்டிகைக் காலத்தில் கூட்டம் நெரிக்கும்; ஐம்பது புடவையை விரித்துக் காட்டி மடித்து வைக்க வேண்டும்; வாங்காமல் போகும் வாடிக்கையாளருக்காகச் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்க வேண்டும்; தண்ணீர் குடிக்கவும் அவரைக் கேட்டே போக வேண்டும். இந்த நாளின் முடிவில் அவருக்கு அரைமணி தியானம் கற்றுத் தருவதால் என்ன மாறிவிடும்? மாற வேண்டியது வேலையின் ஏற்பாடு. ஏற்பாட்டைத் தொடாத நலத்திட்டம், நோயின் காரணத்தை நிறுவனத்திடமிருந்து எடுத்து ஊழியரின் மனத்துக்குள் வைத்துவிடுகிறது.

வேலையின் ஏற்பாட்டில் தொழிலாளருக்குச் சொல்லுரிமை வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு முன்பே எழுந்தது. 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியாவின் தலைமையில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது; திரு. வி. கலியாணசுந்தரனார் அதில் முன்னின்று பணியாற்றினார். அச்சங்கத்தில் திரண்ட பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் முதலில் முன்வைத்த குறைகளுள் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. கூலிக் கோரிக்கைக்கு இணையாக, அமர்ந்து பதற்றமின்றி உண்ணும் நேரத்தையும் அவர்கள் கேட்டார்கள். நலம் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே நலத்தின் உயிர்நிலையை அவர்கள் தொட்டிருந்தனர்.

குறையைச் சொல்ல இயலும் சூழலுக்கு இன்றைய மேலாண்மை ஆய்வில் உளப் பாதுகாப்பு என்று பெயர். தவறு நேர்ந்துவிட்டது, இது எனக்குப் புரியவில்லை, இந்த முறை சரியில்லை என்று ஒருவர் அவமானத்துக்கோ தண்டனைக்கோ அஞ்சாமல் சொல்ல முடிகிற நிலையே அது. ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாகச் செயல்படும் குழுக்களில் பிழை எண்ணிக்கை கூடுதலாகப் பதிவாகியிருந்தது முதலில் அவருக்கே புதிராக இருந்தது. அக்குழுக்களில் பிழைகள் மறைக்கப்படாமல் பேசப்பட்டன என்பதே விடை. குறையே வராத இடத்தை நலமான இடம் என்று எண்ணும் நிர்வாகி, ஊழியர்களின் அச்சத்தை அமைதியென்று தவறாகப் படித்துக்கொண்டிருக்கலாம்.

இருக்கைச் சட்டத்தின் நுட்பமான இடமும் இங்கேதான் வருகிறது. உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்பதை முடிவு செய்பவர் யார் என்பதை அது சொல்லவில்லை. நடைமுறையில் அதை முடிவு செய்வது சூப்பர்வைசரின் பார்வையும், கண்காணிப்புக் கேமராவுக்குப் பின்னால் இருப்பவரின் மனப்போக்கும். இருக்கை இருந்தும் அதன்மேல் துணிக்கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தால், பார்வையிட வரும் தொழிலாளர் துறை ஆய்வாளரின் கணக்கில் அந்தக் கடை சட்டத்தைப் பின்பற்றிய கடைதான். இந்த இடைவெளியை நிரப்புவதே பகிரப்பட்ட மதிப்பீட்டின் வேலை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் முதலாளியோ மேலாளரோ ஊழியர்களை உட்காரச் சொல்லி, உட்கார்ந்ததற்காக யாருக்கும் ஏச்சு விழாமல் பார்த்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அந்தக் கடையின் மூன்றாம் அடுக்கு அசையத் தொடங்கும். சூப்பர்வைசரும் நின்றுகொண்டே நாளைக் கழிப்பவர், விற்பனை இலக்குக்காக மேலிடத்தின் நெருக்குதலைத் தாங்குபவர் என்பதையும் மறக்கலாகாது. அவர் தலைமேல் இருக்கும் இலக்கைத் தளர்த்தாமல் அவரிடம் கனிவை மட்டும் எதிர்பார்ப்பது நடவாத காரியம். இடைவேளைகளை முறைவைத்து எழுதி எல்லோரும் காணுமிடத்தில் ஒட்டுவதும், கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்கும் வழக்கத்தை அடியோடு நீக்குவதும், மாதம் ஒருமுறையாவது ஊழியர்களைக் கூட்டி அவர்கள் சொல்வதில் ஒன்றையேனும் அடுத்த மாதத்துக்குள் செய்து காட்டுவதும் எந்தச் சிறு கடையாலும் இயலக்கூடியவை.

இதில் கடைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊழியர் நின்றால்தான் வாடிக்கையாளர் மகிழ்வார் என்பதே முதலாளிகள் காலங்காலமாகச் சொல்லிவந்த காரணம். அதைப் பொய்யாக்கும் ஆற்றல் வாடிக்கையாளரிடமே இருக்கிறது. அடுத்த முறை ஒரு கடைக்குள் நுழையும்போது, கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் முக்காலியில் அமர்ந்திருந்து, பதறி எழ முற்பட்டால், உட்கார்ந்தபடியே பேசலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கல்லாவில் இருப்பவரின் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.